காமன் ஃபோல்டர் திறக்காத இரண்டு நாட்கள்

ஒன்பது வருடங்களாக என் காதுக்குள் ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கிறார். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் சாயங்காலம் வரை பேசுவார். எப்போது மூச்சு விடுவார், எந்த வார்த்தைக்கு முன்னால் தொண்டையைச் செருமுவார், மதியம் சாப்பிட்ட பிறகு குரல் எப்படிக் கனத்துப்போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவரோடு நேருக்கு நேர் நான் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம்கூடத் தேறாது.

திண்டுக்கல்லில் பழனி ரோட்டில் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிப்பது என் வேலை. முன்பக்க இருட்டறையில் டாக்டர் நோயாளியின் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்தபடியே ஒரு சின்ன மைக்கில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போவார். முடித்து ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தப் பேச்சு அப்படியே ஒரு ஃபைலாக ‘காமன் ஃபோல்டரில்’ வந்து விழும். பின்பக்கம், ஜெனரேட்டரை ஒட்டிய அறையில் இருக்கும் என் கம்ப்யூட்டரிலும் அதே ஃபோல்டர் திறந்திருக்கும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு அடித்து, அதே இடத்தில் வைப்பேன். அவர் தன் அறையில் இருந்தபடியே அதைத் திறந்து படித்து அனுப்புவார். ரிசப்ஷனில் பிரிண்ட் வரும். இரண்டு அறைகளுக்கும் நடுவில் பதினைந்து எட்டுத் தூரம்தான் இருக்கும். அதை நான் நடந்து கடந்தது அபூர்வம்.

டாக்டர் என்னைவிட ஆறேழு வயது சின்னவர். இதே ஊர்க்காரர், அப்பாவும் அம்மாவும் இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர்களாக இருந்தவர்கள். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். அந்த அளவில் நின்றிருந்தது.

வேலை பழகிய பிறகு அது ஒருவகைத் தூக்கம் போல ஆகிவிட்டது. வார்த்தைகள் காதில் நுழைந்து விரல் வழியாக இறங்கிப் போய்விடும். நடுவில் என்னிடம் தங்குவதில்லை. நான் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது படித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள். லிவர், கிட்னி, ஸ்ப்ளீன் என்று ஆயிரக்கணக்கான தடவை அடித்திருக்கிறேன், ஒன்றையும் பார்த்ததில்லை. அதனால் அவற்றுக்கு நானாகவே ஒரு உருவம் கொடுத்திருந்தேன். சேவுகம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். ஜன்னலில் போகிற தென்னந்தோப்பும் கிணறும் உழுதுபோட்ட நிலமும்தான் அந்த வார்த்தைகளுக்குள் போய் உட்கார்ந்திருந்தன. லிவர் என்றால் எனக்குச் செம்பட்டி தாண்டி வருகிற ஒரு பெரிய செம்மண் காடு. கிட்னி என்றால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கிணறுகள். இதை யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் பேசும் ஆங்கிலத்துக்கு நடுவில் நோயாளியிடம் பேசும் தமிழும் பதிவாகிவிடும். “மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க” என்பார். பின்பக்க அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் நானும் மூச்சை இழுத்துப் பிடிப்பேன். “விடுங்க” என்று அவர் சொன்ன பிறகுதான் விடுவேன். வீட்டுக்காரர் ஒருநாள் மதியம் சாப்பாடு கொடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, “என்ன, மூச்சு வாங்குதா?” என்று பயந்துபோனார்.

அது தை மாதம். பூசத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. காலையில் பனி விலகாத ரோட்டில் பச்சையும் காவியுமாக உடுத்தி ஆட்கள் பழனிக்கு நடந்துகொண்டே இருந்தார்கள். பஸ் அவர்களை ஒட்டி மெதுவாகப் போகும். பனிக்குள் தலைகள் மட்டும் மிதந்து போவதுபோல இருக்கும். நான் அரைத்தூக்கத்தில் அதைப் பார்த்தபடியே வந்து இறங்கினேன்.

சென்டரில் ரிசப்ஷன் பெண் வாசலிலேயே நின்றிருந்தாள்.

“அக்கா, காலைல வந்து சிஸ்டத்த ஆன் பண்ணேனா, அப்டேட் முடிஞ்சது, ரீஸ்டார்ட் பண்ணவான்னு கேட்டுச்சு. எல்லாத்துலயும் சரின்னு குடுத்துட்டேன். இப்ப காமன் ஃபோல்டர் தொறக்க மாட்டேங்குது.”

என் கம்ப்யூட்டரைப் போய்ப் பார்த்தேன். ஃபோல்டர் என்னிடம் இருந்தது. ஒன்பது வருடத்து ரிப்போர்ட்டும் ஒலிப்பதிவும் உள்ளே பத்திரமாக இருந்தன. ஆனால் டாக்டர் அறையிலிருந்து அதைத் தொட்டால், அப்படி ஓர் இடமே இல்லை என்று திரையில் வந்தது. எங்கள் கம்ப்யூட்டர்களுக்கு வைரஸ் வராமல் காவல் இருக்கிற சாஃப்ட்வேர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த கதவைச் சாத்திவிட்டது. பென்டிரைவில் கொண்டு போகலாம் என்றால் அதையும் அது விடாது. முன்பு ஒருமுறை பென்டிரைவில் வைரஸ் வந்ததிலிருந்து அதைத் தடுத்து வைத்திருந்தோம். திறக்கிற பாஸ்வேர்டு, எங்களுக்கு எப்போதும் வேலை பார்க்கும் சர்வீஸ்காரரிடம் மட்டும்தான் இருந்தது.

அவருடைய போன் அணைந்திருந்தது. வீட்டு நம்பருக்குப் போட்டால் அவர் மனைவி எடுத்தார்.

“அவரு மாலை போட்டு நடந்து போயிருக்காருங்க்கா. நேத்துச் சாயந்தரம் கெளம்புனாரு. போன அமத்தி பைக்குள்ள வச்சிருப்பாரு. எங்கயாச்சும் படுத்து எந்திரிக்கும்போது போட்டாத்தான் உண்டு.”

வேறொரு கடையிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். அவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, பாஸ்வேர்டு இல்லாமல் எதுவும் செய்ய முடியாது, மொத்தமாக அழித்துப் புதிதாகப் போடலாம், உள்ளே இருப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்றார். டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டு அவரை அனுப்பிவிட்டார். அதற்குள் பெஞ்சு நிறைந்துவிட்டது. வெறும் வயிற்றோடு வந்தவர்கள், தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருப்பவர்கள்.

“அக்கா, ஒண்ணு செய்வோம்,” என்றார் டாக்டர். “நீங்க என் ரூமுக்கு வந்து உக்காந்துருங்க. நான் சொல்லச் சொல்ல என் சிஸ்டத்துலயே அடிங்க. பிரிண்டரையும் தூக்கி உள்ள வச்சு ஒயர்ல மாட்டிருவோம்.”

அப்படித்தான் நான் அந்த இருட்டறைக்குள் போனேன்.

முதல் ஒரு மணி நேரம் எனக்கு எதுவும் ஓடவில்லை. அதே குரல்தான், ஆனால் காதுக்குள்ளிருந்து வராமல் அறையின் ஒரு மூலையிலிருந்து வந்தது. ஹெட்போனில் அந்தக் குரல் என்னுடையது போல இருக்கும். இங்கே அதற்கு ஒரு முகமும் கழுத்தில் மெல்லிய சங்கிலியும் வந்துவிட்டன. நிறுத்தி மறுபடி கேட்கவும் வழியில்லை. இரண்டு தடவை “இன்னொருக்கா சொல்லுங்க மேடம்” என்றேன். அவர் சலித்துக்கொள்ளவில்லை.

கண் இருட்டுக்குப் பழகியதும் படம் தெரிய ஆரம்பித்தது. சாம்பல் நிறம், அதற்குள் இன்னும் கொஞ்சம் வெளுத்த சாம்பல். டாக்டர் கையை அசைக்க அசைக்க அது புரண்டு புரண்டு வேறு இடமாக மாறியது. “லிவர், நார்மல் இன் சைஸ்” என்று அவர் சொன்னபோது நான் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். செம்மண் காடாக நான் வைத்திருந்தது நிஜத்தில் காலையில் பஸ் ஜன்னலில் பார்த்த பனி மாதிரி இருந்தது. அதற்குள் கறுத்த வாய்க்கால்கள் கிளை பிரிந்து போயின. ரத்தக் குழாய்கள் என்றார். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“அக்கா, இதுக்கு முன்னாடி பாத்ததே இல்லையா நீங்க?”

“இல்ல மேடம்.”

“இத்தன வருசமா?”

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொன்றையும் சொல்லும்போது அம்புக்குறியை அந்த இடத்தில் ஒரு நொடி கூடுதலாக நிறுத்தினார். எனக்காகத்தான் என்று தெரிந்தது.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் சரசரவென்று ஒரு சத்தம் வரும். அவர் காகிதங்களைப் புரட்டுகிறார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அது காகிதமில்லை. நோயாளியின் வயிற்றில் தடவிய பசையை டாக்டர் தன் கையாலேயே துணியால் துடைத்துவிடுகிற சத்தம். துடைத்துவிட்டு, சேலையையோ சட்டையையோ சரியாக இழுத்துவிட்டு, அதன் பிறகுதான் பொத்தானை அழுத்துவார்.

சாயங்காலம் வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினால் சாம்பல் நிறம் புரண்டுகொண்டே இருந்தது. பஸ்ஸில் எதிர்சீட்டில் உட்கார்ந்திருந்த ஆளுக்குள்ளும், குழந்தையைத் தோளில் போட்டிருந்தவளுக்குள்ளும், டிரைவருக்குள்ளும் அப்படி ஒரு பனி மூட்டம் இருக்கும், அதில் வாய்க்கால்கள் ஓடும் என்று நினைத்தபோது கொஞ்ச நேரம் தலை சுற்றியது. பயமில்லை, மலைமேல் ஏறி நின்று ஊரைக் குனிந்து பார்க்கும்போது வருமே, அந்த மாதிரி.

மறுநாள் பதினோரு மணிக்கு, ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கூட அவர் கணவரும் வந்து கதவோரம் நின்றார். பக்கத்து ஊரில் எடுத்த ஸ்கேனில் ஈரலில் ஏதோ தெரிகிறதாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு முன்னால் இன்னொரு இடத்தில் பார்த்துவிடுவோம் என்று வந்திருக்கிறார்கள்.

டாக்டர் வெகு நேரம் பார்த்தார். திரையில் சாம்பலுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. அம்புக்குறியால் அதை இருபுறமும் அளந்தார்.

“ஏனுங்க, பெருசா எதாச்சுமுங்களா?” என்று அந்த அம்மாள் கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“இந்த மாதிரிப் புள்ளி நெறையப் பேருக்கு இருக்கும்மா. அதுல பாதிக்குமேல ஒண்ணும் செய்யாது. ஆனா இது முன்னாடியே இருந்ததா, புதுசா வந்ததான்னு தெரிஞ்சா நல்லாருக்கும். இதுக்கு முன்ன எப்பவாவது ஸ்கேன் எடுத்துருக்கீங்களா?”

“எடுத்தமுங்க. நாலஞ்சு வருசமிருக்கும். எங்க எடுத்தோம்னு நெனப்பில்லீங்க. திண்டுக்கல்லுதான்னு நெனைக்கறன். காயிதமெல்லாம் வீடு மாத்தறப்பப் போயிருச்சுங்க.”

டாக்டர் பழக்கதோஷத்தில் தன் கம்ப்யூட்டரில் பழைய ரிப்போர்ட் இருக்கும் ஃபோல்டரைத் தொட்டார். அப்படி ஓர் இடமே இல்லை என்று மறுபடியும் வந்தது. நான் எழுந்தேன். என் அறைக்குப் போய், பதிவுச் சீட்டில் இருந்த பேரைப் போட்டுத் தேடினேன். அந்தப் பேரில் யாரும் இல்லை. திரும்பி வந்து, “இல்ல மேடம்” என்றேன்.

“சரி. இன்னொருக்கா பாத்துருவோம்,” என்று டாக்டர் கருவியை எடுத்தார். “அம்மா, மூச்ச இழுத்துப் பிடிங்க.”

நானும் பிடித்தேன்.

“புடிச்சுட்டனுங்க,” என்றார் அந்த அம்மாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரும் பேச முடியாது. பேசினால் மூச்சு போய்விடும். இவருக்கும் போய்விட்டது. டாக்டருக்கு அந்த நேரத்திலும் லேசாகச் சிரிப்பு வந்தது. “சொல்லாம பிடிங்கம்மா” என்றார். இன்னொரு தடவை இழுத்தார். “இப்பப் புடிச்சுட்டனுங்க.”

இதை நான் கேட்டிருக்கிறேன். இந்தக் குரலை, இந்த வார்த்தையை, அதற்குப் பின்னால் டாக்டரின் இந்தச் சிரிப்பை. ஹெட்போனில், மழைச் சத்தத்துக்கு நடுவில். அப்போது சென்டர் பழைய கட்டடத்தில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. மழையில் ஒரு வார்த்தை கேட்காமல் நான் ஏழெட்டுத் தடவை ஓடவிட்டுக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் “புடிச்சுட்டனுங்க” என்றார். ஏழெட்டுத் தடவையும் நான் தனியாகச் சிரித்தேன்.

“மேடம்,” என்றேன். “இவங்க நம்மகிட்ட வந்துருக்காங்க.”

“பேரு இல்லைன்னீங்களேக்கா.”

“பேரு தெரியல. குரல் தெரியுது.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கிறுக்குத்தனமாகக் கேட்கிறது என்று தோன்றியது. ஆனால் டாக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, “போய்த் தேடுங்க. அவங்க வெளிய உக்காந்திருக்கட்டும்” என்றார்.

பழைய கட்டடம் என்றால் நான்கு வருடத்துக்கு முன்னால். மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஈரலில் புள்ளி என்று நான் அடித்த ரிப்போர்ட்டுகளை மட்டும் பிரித்தேன். பதினொன்று இருந்தன. அதில் ஒன்றில் அந்தக் கிராமத்தின் பேர் இருந்தது. ஆனால் ஆளின் பேர் வேறு. ரிப்போர்ட்டை வைத்து அன்றைய ஒலிப்பதிவைத் தேடி எடுத்தேன். ஹெட்போனை மாட்டினேன். முதலில் மழை. பிறகு மூச்சை இழுக்கச் சொல்லும் குரல். பிறகு, “புடிச்சுட்டனுங்க.”

ஓடிப் போய்ச் சொன்னேன். டாக்டர் தானே எழுந்து என் பின்னால் வந்தார். புதுக் கட்டடத்துக்கு வந்த பிறகு அவர் என் அறைக்குள் வருவது அதுதான் முதல்முறை. ஒரே நாற்காலிதான் இருந்தது, அதில் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து ரிப்போர்ட்டைப் படித்தார். ஒரு கையில் இப்போது எடுத்த அளவு, திரையில் நான்கு வருடத்துக்கு முந்தைய அளவு. இரண்டும் ஒன்றேதான், வளரவே இல்லை.

நான் ஹெட்போனை நீட்டினேன். அவர் வாங்கிக் காதில் வைத்தார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. அந்த அம்மாளின் குரலுக்காக மட்டும் இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

“நான் இப்படியாக்கா பேசுறேன்?” என்றார் ஹெட்போனைக் கழற்றி. “இம்புட்டு மெதுவாவா?”

“அன்னிக்கு மழைல மெதுவாப் பேசுனீங்க மேடம். எப்பவும் இப்படி இல்ல. மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் வேகம் வந்துரும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஹெட்போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

பேர்க் குழப்பம் அந்த அம்மாளின் கணவர் சொல்லித் தெளிந்தது. முதல்முறை வந்தபோது வீட்டில் கூப்பிடும் பேரைச் சொல்லியிருக்கிறார். இப்போது கார்டில் இருக்கிற பேர். டாக்டர் பெஞ்சில் அந்த அம்மாளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னார். “நாலு வருசமா அதே அளவுல இருக்குதும்மா. கெட்டதா இருந்தா சும்மா இருந்துருக்காது. இது ரத்தக்குழாய் முடிச்சு மாதிரி ஒண்ணு. இப்ப ஊசி எதுவும் வேண்டாம். ரெண்டு ரிப்போர்ட்டையும் தாரேன், உங்க டாக்டர்கிட்டக் காட்டுங்க. ஆறு மாசம் கழிச்சு ஒருக்கா பாத்துக்குவோம்.”

அந்த அம்மாள் அழவில்லை. கையெடுத்துக் கும்பிடவும் இல்லை. கணவரைத் திரும்பிப் பார்த்து, “அப்ப இன்னிக்கே முருங்கைக்காய் பறிச்சுப்போடலாமுங்க, ஆளு சொல்லி வச்சிருக்குதுல்ல” என்றார். அவர் கணவர்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

மூன்று மணிக்குச் சர்வீஸ்காரரின் போன் வந்தது. ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி ஒரு பந்தலில் உட்கார்ந்திருக்கிறாராம். பின்னால் மைக்கில் அரோகரா சத்தம் கேட்டது.

“அப்டேட் ஆனா அது எல்லாத்தையும் மறந்துரும்க்கா. நம்ம சென்டர பஸ் ஸ்டாண்டுன்னு நெனச்சிருக்கும். பஸ் ஸ்டாண்டுல நம்ம பைய யாருகிட்டயாச்சும் தொறந்து காட்டுவமா? அதான் எல்லாத்தையும் பூட்டிருச்சு. இது எங்க வீடுதான்னு நீங்க சொல்லணும். பேப்பர் எடுத்துக்கங்க.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு ஒவ்வொன்றாக அழுத்தினேன். பாஸ்வேர்டு; செட்டிங்; நெட்வொர்க் என்ற இடத்தில் ‘பொது’ என்றிருந்ததை ‘தனிப்பட்டது’ என்று மாற்றச் சொன்னார். என் கம்ப்யூட்டரில் ஒன்று, டாக்டர் கம்ப்யூட்டரில் ஒன்று, ரிசப்ஷனில் ஒன்று. நடுவில் இரண்டு முறை சிக்னல் போய்விட்டது. மூன்றாவது முறை கூப்பிட்டு, “வந்துருச்சாக்கா?” என்றார்.

வந்துவிட்டது. டாக்டர் அறைத் திரையில் காமன் ஃபோல்டர் ஒன்றும் நடக்காதது மாதிரி திறந்துகொண்டது.

“கால் எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“கொப்புளம்க்கா. ஆனா நல்லாருக்கு. செத்த நேரம் படுத்துட்டு நடக்கப் போறேன்.”

பிரிண்டரைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தோம். நான் என் நோட்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அக்கா, நீங்க இங்கயே இருந்துருங்களேன். ஒரு டேபிள் போட்டுத் தாரேன். எனக்கும் ஆள் இருந்த மாதிரி இருக்கும்.”

அப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த இரண்டு நாட்களில் எனக்கு அந்த இருட்டு பிடித்துப்போயிருந்தது. படம் பிடித்திருந்தது. அவர் துடைத்துவிடுவதைப் பார்க்கப் பிடித்திருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ வேண்டாம் என்றது. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன்.

“எனக்கு அந்த ரூமே இருக்கட்டும் மேடம். இங்க இருந்தா நான் படத்தையே பாத்துக்கிட்டு இருந்துருவேன். நீங்க பேசுறது காதுல ஏற மாட்டேங்குது.”

அவர் சிரித்தார். சரி என்றார்.

மறுநாள் காலை ஹெட்போனை மாட்டினேன். முதல் பதிவு ஏதோ ஒரு வயதானவருடையது. லிவர் என்று டாக்டர் சொன்னபோது பனி வந்தது, வாய்க்கால்கள் வந்தன. வழக்கம்போல அடித்தேன். எல்லாம் சொல்லி முடித்து, துணிச் சத்தமும் முடிந்த பிறகு, பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், டாக்டர் தமிழில், ஆனால் நோயாளியிடம் இல்லாமல் சொன்னார்:

“அக்கா, இன்னிக்கு வெஞ்சனம் என்ன? எனக்கு வெறும் தயிர்ச்சாதம்தான்.”

நான் அந்த ரிப்போர்ட்டை அடித்து ஃபோல்டரில் வைத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து, அவரைக்காய்ப் பொரியலை ஒரு கிண்ணத்தில் பாதி எடுத்துவைத்தேன். ஒரு மணி ஆனதும் எழுந்து, அந்தப் பதினைந்து எட்டையும் நடந்து போய்க் கதவைத் தட்டினேன்.